பெரியம்மாவுக்கு

ஜனவரி 12

அன்புள்ள தங்கச்சிக்கு,

சளி, இருமல் எதுவும் இல்லாம இங்க நான் நல்லாத்தான் இருக்கேன். நீ, மாப்பிள்ளை, என் பொண்ணு கடுகு மூணு பேரும் அப்படியே இருக்கணும்.

போன் இனிமே வேண்டாம்டி. போன ஞாயித்துக்கிழமை என்னாச்சு பாத்தியா? கடுகு மேசைக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கிட்டா. 'வாடி, வந்து பேசு'ன்னு நீ கெஞ்சினது எனக்குக் கேட்டுச்சு. எனக்கு அழுகை வந்துச்சு, உனக்கு எரிச்சல் வந்துச்சு. கடைசியில யார் முதல்ல போனை வச்சதுன்னு ஒரு சண்டை. கடிதம்னா அந்த வம்பு இல்ல. எழுதும்போது அழுதா யாருக்கும் தெரியாது.

என்ன வேலைதான் பாக்கறேன்னு மாப்பிள்ளை கேட்டாராமே. மருந்து காயவைக்கிற வேலைன்னு சொல்லு. ரத்தப் புற்றுநோய்க்குப் போடற ஒரு ஊசி மருந்து. அது ஒரு சண்டிராணி. தண்ணியில லேசுல கரையாது, கரைஞ்சாலும் சில மணி நேரத்துல கெட ஆரம்பிச்சிடும். அதனால தண்ணியோட டி.பி.ஏ.ன்னு ஒரு கரைப்பானைக் கலக்கறோம். கற்பூர வாடை அடிக்கும். கொஞ்சம் குளிர்ந்தாலே கல்லா உறைஞ்சிடும், புட்டியைக் கையில பிடிச்சுக்கிட்டு நின்னா உருகிடும். கலவையைச் சின்னச் சின்னக் குப்பியில ஊத்தி, பீரோ மாதிரி ஒரு பெரிய எஃகுப் பெட்டிக்குள்ள அடுக்கி, மைனஸ் நாப்பது டிகிரியில உறையவச்சு, உள்ள இருக்கிற காத்தை உறிஞ்சிடுவோம். அப்ப ஐஸ் தண்ணியாகாமலே நேரா ஆவியாப் போயிடும். மிஞ்சறது பஞ்சு மாதிரி ஒரு வெள்ளை வில்லை. ஆஸ்பத்திரியில நர்ஸ் மருந்துத் தண்ணியை விட்டதும் அது சட்டுனு கரையணும். டி.பி.ஏ. சேத்ததால மூணு நாள் காஞ்சது இப்போ ஒண்ணரை நாள்ல காயுது.

என் மேசைக்குப் பக்கத்துல ஒரு நாற்காலி இருக்கு. அதோட முதுகு என் இடுப்புக்கு வரும். கடுகு இப்போ அவ்வளவு உயரம் இருப்பாளோன்னு அப்பப்ப அதுமேல கை வச்சுப் பாத்துக்கறேன். அவளை உன் இடுப்புல ஏத்தி விட்டுட்டு வந்து பதினாறு மாசம் ஆச்சு. அவ அப்பா தவறிப் போனப்ப அவளுக்கு ஏழு மாசம், நான் கிளம்பினப்ப ரெண்டு வயசு. அவ மனசுல யார்தான் நின்னிருப்போம்?

ரெண்டு வருஷத்துக்கு லீவே கிடையாதுன்னு சொன்னவங்க, ஏப்ரல்ல பத்து நாள் தரலாம்னு இப்ப இறங்கி வந்திருக்காங்க. ஆகஸ்டோட ஒப்பந்தமும் முடியுது.

என்னைக் கேக்கறாளாடி? இதுக்கு மட்டும் மறக்காம பதில் எழுது.

உன் அக்கா


பிப்ரவரி 2

அன்பு அக்கா,

உன் கடிதம் கிடைச்சுது. எல்லாரும் சுகம். உங்க மாப்பிள்ளைக்கு மட்டும் முதுகு பிடிப்பு. லிஃப்ட் ரிப்பேர் பண்றவர் முதுகு பிடிச்சு மூணு மாடி படியேறி வந்ததைப் பாத்து எதிர்வீட்டுக்காரி சிரிச்சா. அவருக்குக் கோபமான கோபம்.

கடுகோட வாய் இப்ப காது வரைக்கும் நீளுது. மதியம் வரைக்கும் என்கூட கண்ணாடிக் கடையிலதான் இருப்பா. கண்ணு சோதிக்க எழுத்து அட்டை ஒண்ணு மாட்டியிருக்கோமே, அதைப் பாத்தே எழுத்து கத்துக்கிட்டா. மேல இருக்கிற பெரிய எழுத்துல ஆரம்பிச்சு நாலு வரிசை மனப்பாடம். நேத்து ஒரு பெரியவர் மூணாவது வரிசையில தடுமாறினார். இவ பின்னாடி நின்னு எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துட்டா. அவர் கண்ணு நல்லாருக்குன்னு கண்ணாடியே வாங்காமப் போயிட்டார். முதலாளி தலையில அடிச்சுக்கிட்டார்.

பால் ஒழுங்கா குடிக்கறா. முட்டையில மஞ்சள் கருவைத் துப்பிடறா. வலது பக்கம் கடைவாய்ப் பல் நல்லாருக்கு. முடி தோளுக்கு வந்துடுச்சு.

உன் போட்டோவைக் கூடத்துலதான் மாட்டியிருக்கேன். காலையில அதுக்கு டாட்டா காட்டிட்டுத்தான் வெளியே கிளம்புவா.

உடம்பைப் பாத்துக்க. அந்தக் கரைப்பான் நெடியை ரொம்ப மூச்சுல இழுக்காத.

உன் தங்கை


பிப்ரவரி 20

அன்புத் தங்கச்சிக்கு,

அட்டைக் கதையைப் படிச்சுட்டு சாப்பாட்டு அறையில தனியா உக்காந்து சிரிச்சேன். பெட்டியை இயக்கறவர் ஒருத்தர் இருக்கார், வயசானவர். நாங்க பெட்டிக்காரர்னு கூப்பிடுவோம். 'என்னம்மா, சம்பளம் ஏத்திட்டாங்களா?'ன்னார். 'அதைவிடப் பெரிய விஷயம்'னேன்.

இங்க ஒரு தொல்லை. காஞ்ச வில்லையிலிருந்து டி.பி.ஏ. முழுசா வெளியேற மாட்டேங்குது. வில்லை இடிஞ்சு விழாம இருக்கச் சர்க்கரை சேப்போம், அந்தச் சர்க்கரை இதைப் பிடிச்சு வச்சுக்குது. நோயாளி ரத்தத்துல போற பொருள், இவ்வளவுக்கு மேல இருக்கக் கூடாதுன்னு அளவு இருக்கு. எங்களுது அதுக்கு ரெண்டு மடங்கு. எங்க மேலாளருக்குக் கடியாரம்னு பேரு, எதுக்கெடுத்தாலும் கையைத் திருப்பி மணி பாப்பார். 'சூட்டை ஏத்து, ஓடிப்போயிடும்'னார். ஏத்தினேன். டி.பி.ஏ. போகல, மருந்துதான் மஞ்சளாச்சு.

லீவு எழுத்துல கிடைச்சாச்சு! ஏப்ரல் 10லேர்ந்து 20 வரைக்கும். நாளைக் கிழிக்கிற காலண்டர் இங்க இல்ல, இருந்தா மொத்தமாக் கிழிச்சிருப்பேன். ஒரு சட்டை அனுப்பியிருக்கேன், நீலத்துல வெள்ளைப் பொத்தான். அந்த நாற்காலி முதுகை அளவா வச்சுத்தான் வாங்கினேன். சரியா இருக்கான்னு எழுது.

நான் கேட்டதுக்கு நீ பதில் சொல்லவே இல்ல. பல்லு, பால், முட்டைன்னு எல்லாம் இருந்துச்சு.

ஆசையோடு,
அக்கா


மார்ச் 28

அன்பு அக்கா,

சுகமா இருக்கியா? தாமதத்துக்குக் கோவிச்சுக்காத.

சட்டை கச்சிதம்.

ஒரு விஷயம் சொல்லணும், பதறாத. கடுகுக்கு அம்மை போட்டிருக்கு. பயப்பட ஒண்ணுமில்ல, சின்ன அம்மைதான். காய்ச்சல் இறங்கிடுச்சு, ஆனா உடம்பு பூராக் கொப்புளம். எனக்கும் கழுத்துல ரெண்டு கிளம்பியிருக்கு. அடுத்து உங்க மாப்பிள்ளைக்கு வரலாம்னு டாக்டர் சொல்றார். வீட்டுல இது ஓய ஒரு மாசம் பிடிக்கும்.

நீ சின்ன வயசுல அம்மை வராம தப்பிச்சவ. இங்க வந்து ஒட்டிக்கிட்டுப் போனா, மருந்து செய்யற அந்தச் சுத்த அறைக்குள்ள உன்னை விடுவாங்களா? தும்மல் வந்தாலே வெளிய நிறுத்தறாங்கன்னு நீதானே முன்னாடி போன்ல சொன்னே. லீவைத் தள்ளி வச்சுடு. ஆகஸ்டுல எப்படியும் வரப்போறே.

நான் பாத்துக்கறேன். நீ உன் வேலையைப் பாரு.

தங்கை


ஏப்ரல் 12

அன்புத் தங்கச்சிக்கு,

மூணு பேருக்கும் இப்ப உடம்பு எப்படி? சொறியாம இருக்க அவ கையில பழைய காலுறையை மாட்டி விடு. நகத்தை ஒட்ட வெட்டு. முகத்துல மட்டும் தழும்பு விழாமப் பாத்துக்கோ.

மனசு கேக்காம போன் பண்ணினேன். மாப்பிள்ளைதான் எடுத்தார். 'எப்படி இருக்கா?'ன்னு கேட்டேன். 'நல்லா... வந்து... பரவாயில்லீங்க...' அவ்வளவுதான். நடு மாடியில நின்ன லிஃப்ட் மாதிரி பேச்சு நின்னுடுச்சு. பாவம், அவருக்கும் கொப்புளம் வந்துடுச்சோ என்னவோ.

லீவு எழுதிக் குடுத்தவங்ககிட்ட வேண்டாம்னு திருப்பிக் குடுத்தேன். முந்தாநாளே நான் உங்க வாசல்ல செருப்பைக் கழட்டியிருக்கணும். அதுக்குப் பதிலா பம்பு அறையில நிக்கறேன்.

நேத்து ஒரு கூத்து. குப்பியெல்லாம் உறைஞ்சு தயாரா இருக்கு, காத்தை உறிஞ்சற பம்பு ஆயில் கசிஞ்சு நின்னுடுச்சு. பெட்டிக்காரர் மைனஸ் நாப்பதுல வச்சுக் காக்க முடியாம மைனஸ் இருவதுக்கு ஏத்திட்டார். அப்படியே ஆறு மணி நேரம் கிடந்துச்சு. 'கொட்டிடலாம்மா'ன்னார். எனக்கு என்னவோ மனசு வரல. 'பம்பு சரியானதும் காயவைப்போம். கொட்டறதை அப்புறமும் கொட்டலாம்'னேன். இன்னும் காஞ்சுக்கிட்டு இருக்கு.

சட்டை கச்சிதம்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டியே. போட்டுக்கிட்டு என்ன சொன்னா? பொத்தானை வாயில வச்சாளா? அவளுக்கு அந்தப் பழக்கம் உண்டு. இல்ல, இருந்துச்சு. இப்ப இருக்கோ இல்லையோ எனக்கெப்படித் தெரியும்.

வர முடியாத,
அக்கா


மே 15

அன்பு அக்கா,

அம்மை எல்லாம் போச்சு. தழும்பு ஒண்ணுகூட இல்ல. கவலைப்படாத. வெயில் ஜாஸ்தி. கடையில கூட்டம் இல்ல.

கடுகு ஒரு படம் வரைஞ்சிருக்கா, அனுப்பச் சொல்லி ஒரே அடம். உள்ள வச்சிருக்கேன்.

வேற விசேஷம் இல்ல.

தங்கை


ஜூன் 3

அன்புத் தங்கச்சிக்கு,

நீங்க எல்லாரும் நலமா இருக்கறது கடிதத்துல தெரிஞ்சுது. ஆறு வரிதான்னாலும் தெரிஞ்சுது.

இங்கயும் நல்ல சேதி. அந்தப் பம்பு நின்ன குப்பிகள்லதான் டி.பி.ஏ. இருக்கறதுலயே குறைவு! அளவுக்கு உள்ள வந்துடுச்சு. மிச்ச டி.பி.ஏ.வை ஆவியாக்கி அளக்கற பொண்ணு மூணு தடவை ஓட்டிப் பாத்துட்டு ஓடி வந்தா. எங்க தப்பு இப்பத்தான் புரியுது. அவசர அவசரமா உறையவச்சதுல டி.பி.ஏ. தனியாப் பிரியாம சர்க்கரைக்குள்ள சிக்கிக்கிட்டுது. உறைஞ்சதுக்கப்புறம் கொஞ்சம் சூடேத்தி, சில மணி நேரம் ஒண்ணும் பண்ணாம விட்டா, அது தானே படிகமாத் திரண்டு ஒதுங்கிடும். அப்புறம் உறிஞ்சினா சுலபமா வெளிய போயிடுது. சும்மா விட்டா நடந்திருக்கும், நாங்கதான் அஞ்சு மாசமா சும்மா விடல. 'நீங்க லீவுல போயிருந்தா நான் கொட்டியிருப்பேனே'னார் பெட்டிக்காரர். கடியாரம் முதல் தடவையா மணி பாக்காமப் பேசினார். வேற ஒரு புரத மருந்தையும் இதே மாதிரி காயவைக்கணுமாம், இன்னும் ஒரு வருஷம் இருக்கியான்னு கேட்டார். ஜூலை கடைசிக்குள்ள சொல்லணும்.

படம் கிடைச்சுது. மூணு பேரு நிக்கறாங்க. பெரிசா ஒருத்தர் கையில ஸ்பேனர், அது மாப்பிள்ளை. கண்ணாடி போட்டது நீ. நடுவுல முடி பறக்க ஒரு கடுகு. மேலே ஓரத்துல ஒரு கட்டத்துக்குள்ள ஒரு முகம். என் போட்டோவா இருக்கும்னு நெனச்சேன்.

படத்தைத் திருப்பிப் பாத்தேன். பின்னாடி மாப்பிள்ளை கையெழுத்து. அவ சொல்லச் சொல்ல எழுதியிருக்கார் போல. 'பெரியம்மாவுக்கு'ன்னு இருந்துச்சு.

நம்ம வீட்டுல நான்தானேடி மூத்தவ. எனக்கு மேல யாரும் இல்ல. கடுகுக்குப் பெரியம்மான்னு ஒருத்தி எங்கிருந்து வந்தா?

ஒரு வருஷம் கூட இருக்கலாமா வேண்டாமா, நீயே சொல்லு.

அக்கா


ஜூலை 8

அன்புள்ள தங்கச்சிக்கு,

சுகமா? அஞ்சு வாரமா உன்கிட்டேர்ந்து ஒரு வரி இல்ல. தபால்காரர் என்னைப் பாத்தாலே வேற பக்கம் திரும்பிக்கறார்.

புது முறையில காயவச்ச மூணு தொகுப்பு மருந்தும் தேறிடுச்சு. எல்லாரும் கை தட்டினாங்க. எனக்கு யார்கிட்ட சொல்றதுன்னு தெரியாம, அந்த நாற்காலி மேல கை வச்சுக்கிட்டு நின்னேன்.

திட்டறதுன்னாலும் எழுதித் திட்டு.

அக்கா


ஜூலை 19

அக்கா,

நலம் விசாரிக்க எனக்கு இன்னைக்கு வாய் வரல. நேரா சொல்லிடறேன்.

கடுகுக்கு அம்மை போடல. யாருக்கும் போடல. நீ வந்துடுவேன்னு பயந்து எழுதினேன். உங்க மாப்பிள்ளைகிட்ட போனை எடுத்தா இப்படிச் சொல்லுங்கன்னு கெஞ்சினேன். அன்னைலேர்ந்து அவர் என்கூட சரியாப் பேசறதில்ல. 'லிஃப்ட் கயிறு ஒரு இழை அறுந்தாகூட நான் ஆளை ஏத்த மாட்டேன், நீ என்ன காரியம் பண்ணியிருக்கே'ன்னார். படத்துக்குப் பின்னாடி அவர் எழுதினது எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அனுப்பியிருக்க மாட்டேன். தெரிஞ்சேதான் எழுதினாரோ என்னவோ, நான் கேக்கல.

நீ போய் அஞ்சாவது மாசம். பூங்காவுல ஊஞ்சல்லேர்ந்து விழுந்துட்டா. முட்டி சிராய்ச்சு, 'அம்மா!'ன்னு கத்திக்கிட்டு என்கிட்ட ஓடி வந்தா. வலியில கூப்பிடறான்னு நான் திருத்தல. அடுத்த நாள் வலி இல்லாமலே கூப்பிட்டா. சித்தின்னு சொல்லுன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. சொல்லல. மூணாவது நாள் எப்ப கூப்பிடுவான்னு காத்துக்கிட்டிருந்தேன். ஒன்பது வருஷமா எந்த டாக்டர் வாசல்லயும் எனக்குக் கிடைக்காத வார்த்தை அக்கா. தானா வந்து காதுல விழுந்துச்சு. நான் காதைப் பொத்திக்கல.

போட்டோவைக் காட்டி 'இது யாரு?'ன்னு கேட்டா. என் வாயாலதான் பெரியம்மான்னு சொன்னேன். என்னைக் கேக்கறாளான்னு நீ கேட்டியே. கேப்பா. 'பெரியம்மா எப்ப வருவாங்க?'ன்னு கேப்பா. அதை எப்படி எழுதறது?

நீல சட்டை பிரிக்காம பீரோவுல இருக்கு. போட்டுப் பாத்தா, யார் வாங்கினதுன்னு கேப்பாளேன்னு போடல. இப்ப சின்னதாப் போயிருக்கும்.

உன் கேள்விக்கு மூணு தடவை பதில் எழுதினேன். முதல்ல எழுதினதுல 'இன்னும் ஒரு வருஷம் இரு, நல்ல வேலை'ன்னு இருந்துச்சு. எவ்வளவு அக்கறையா எழுதியிருந்தேன் தெரியுமா? படிச்சுப் பாத்து எனக்கே பயமா இருந்துச்சு. கிழிச்சுட்டேன்.

ஒரு வருஷம் வேண்டாம். வந்துடு.

தங்கை


ஆகஸ்ட் 14

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைப் படிச்சுட்டு மடிச்சு இழுப்பறையில போட்டுப் பூட்டினேன். பத்து நாள் திறக்கல. திறந்தா உன்னை என்ன சொல்லி எழுதுவேன்னு எனக்கே நிச்சயமில்ல.

ஏப்ரல்ல நான் அழுதது உனக்குத் தெரியாது. கொப்புளம் வந்த உடம்பைத் தூக்கி வச்சுக்கக்கூட முடியலையேன்னு, தலையணையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். இல்லாத கொப்புளத்துக்கு அழுதிருக்கேன். அந்தப் பத்து நாள் நான் இங்க இருந்ததாலதான் மருந்து தேறிச்சு, வாஸ்தவம். எத்தனையோ பேருக்கு அது போய்ச் சேரும். அதுக்காக நீ செஞ்சது சரியாகிடாது. ரெண்டையும் ஒரே தராசுல வைக்கச் சொல்லி என்கிட்ட மட்டும் கேக்காத.

அப்புறம் வேற ஒண்ணும் நெனச்சேன். அவளைத் தூக்கி உன் இடுப்புல வச்சது நான்தான். 'சொந்தப் பொண்ணு மாதிரி பாத்துக்கோ'ன்னு சொன்னதும் நான்தான். நீ அந்த 'மாதிரி'யை விட்டுட்டே.

கடியாரத்துக்கிட்ட முடியாதுன்னுட்டேன். புரதத்துல அவர் கேட்ட அளவு டி.பி.ஏ.வைக் கலந்து காயவச்சுக் காட்டினேன். காஞ்சதென்னவோ வேகமாத்தான். திரும்பத் தண்ணி விட்டா தெளிவாக் கரையணும், ஆனா எலுமிச்சம்பழம் பிழிஞ்ச பால் மாதிரி திரிஞ்சு நின்னுச்சு. 'ஒரு மருந்துக்கு ஒத்து வந்தது இன்னொண்ணைக் கெடுக்கும் சார். பொறுமையா வேற வழி தேடணும். அதுக்கு வேற ஆள் பாருங்க'ன்னேன். 'ஏன், என்ன அவசரம்?'னார். இவ்வளவு நாளா மணி பாத்தவர் இப்பக் கேக்கறார்! 'எனக்கு ஒரு பொண்ணு இருக்கா'ன்னேன். வாயால சத்தமாச் சொல்லி ரொம்ப நாளாச்சு.

30ஆம் தேதி காலையில வரேன். அவகிட்ட எதுவும் சொல்லித் தயார் பண்ணாத. நீ வீட்டுல இரு. எங்கேயும் ஓடிடாத.

அக்கா


செப்டம்பர் 20

அன்பு அக்கா,

நீயும் கடுகும் சுகமா? ஓடிடாதேன்னு சொன்னே. ஒரு வாரம் இருந்தேன், அப்புறம் ஓடிட்டேன். உங்க மாப்பிள்ளைக்கு இந்த ஊர்ல இருவது மாடிக் கட்டடத்துல லிஃப்ட் மாட்டற வேலை வந்தது நெஜம். அது மூணு மாச வேலை, அவர் தனியாவே வந்திருக்கலாம். நான்தான் கூட வரேன்னு நின்னேன்.

நீ வந்து நின்னப்ப என் புடவையைப் பிடிச்சுக்கிட்டு எட்டிப் பாத்து, 'வாங்க பெரியம்மா'ன்னாளே. யாரோ விருந்தாளியைக் கூப்பிடற மாதிரி, அந்த 'ங்க'வோட. உன் முகத்தை நான் பாத்தேன். நான் அங்க இருக்கற வரைக்கும் அவ உன் மடிக்கு வர மாட்டா. நீ சோறு ஊட்ட வந்தா என்னைத் திரும்பிப் பாக்கறா. அதான் கிளம்பினேன். தூங்கி எழுந்து தேடினாளா? எழுத வேண்டாம். இல்ல, எழுது.

முடி வாரும்போது சிக்கு எடுத்தா கத்துவா, நுனியிலேர்ந்து எடுக்கணும். மாத்திரையை நசுக்கித் தேன்ல குழைச்சுக் குடு. தூக்கம் வந்தா சொல்ல மாட்டா, காதைப் பிடிச்சு இழுத்துக்குவா. முட்டை மஞ்சள் கருவை இப்பத் துப்பறதில்ல.

இங்க ரெண்டே அறை. ஜன்னலைத் திறந்தா சிமெண்டு தூசி. எனக்கு வேலை இல்ல. மதியம் நேரம் போகாம ஒரு கைக்குட்டையையே நாலு தடவை துவைக்கறேன். கீழ் வீட்டுக் குழந்தை 'அம்மா'ன்னு கூப்பிட்டா, என்னைன்னு நெனச்சு எழுந்துடறேன். பதினாறு மாசம்னு நீ எழுதினப்ப அது வெறும் கணக்காத்தான் தெரிஞ்சுது. இங்க வந்து பதினாலு நாள்தான் ஆச்சு.

உன்கிட்ட மன்னிப்புக் கேக்க வார்த்தை தெரியல. அவளை நல்லாப் பாத்துக்கோன்னு சொல்ல உரிமை இல்ல.

உன் தங்கை


அக்டோபர் 9

அன்புள்ள தங்கச்சிக்கு,

நானும் கடுகும் சுகம். உனக்கும் மாப்பிள்ளைக்கும் சிமெண்டு தூசியில இருமல் வராம இருக்கணும்.

எழுது, எழுதாதன்னு ரெண்டும் சொல்லியிருக்கே. எழுதறேன். தேடினா. முதல் நாள் குளியலறைக் கதவைத் தட்டிப் பாத்தா, பீரோவைத் திறந்து பாத்தா. அழல. அழுதிருந்தா எனக்குச் சுலபமா இருந்திருக்கும். ஒன்பது நாள் என்கிட்ட 'தண்ணி குடுங்க', 'செருப்பு எடுத்துக் குடுங்க'ன்னு மரியாதையாவே நடந்துக்கிட்டா. நாலு வயசுப் பொண்ணு. எனக்கு ஏதோ ஆபீஸ்ல இருக்கற மாதிரி இருந்துச்சு.

பத்தாவது நாள் தலை வாரினேன். உன் கடிதம் அதுக்கு அப்புறம்தான் வந்துச்சு. நான் உச்சியிலேர்ந்து இழுத்துட்டேன். 'ஐயோ! உனக்கு ஒண்ணுமே தெரியல, போ!'ன்னு சீப்பைப் பிடுங்கி வீசினா. நான் சீப்பை எடுக்கவே இல்ல, அப்படியே உக்காந்துட்டேன். உனக்குன்னு சொன்னாடி! போங்கன்னு சொல்லல, போன்னு சொன்னா. திட்டு வாங்கி யாராவது இப்படிச் சந்தோஷப்பட்டிருப்பாங்களா? அன்னைக்கு மூணு தடவை சண்டை போட்டோம். மூணாவது சண்டையில என் தோள்லயே தூங்கிட்டா. கனமா இருந்தா. எவ்வளவு கனம்னு எந்த நாற்காலியும் எனக்குச் சொன்னதில்ல.

காலை ஷிப்ட்டா ஒரு மருந்துக் கம்பெனியில வேலை பேசியிருக்கேன். பஸ்ல இருவது நிமிஷம். மதியம் ரெண்டு மணிக்கு அவளைக் கடையிலேர்ந்து நான் கூட்டிட்டு வந்துடலாம். எந்தக் கடைன்னு கேக்கறியா? உன் கண்ணாடிக் கடைதான். உன் முதலாளியைப் போய்ப் பாத்தேன். 'வரட்டும், இடம் அப்படியேதான் இருக்கு'ன்னார்.

உன்மேல கோபம் போயிடுச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன். ஏப்ரலை நெனச்சா இன்னும் சுருக்குன்னு குத்துது. கொஞ்ச நாள் குத்தும். பக்கத்துல இருந்து வாங்கிக்கோ. தூரத்துல இருக்கறவகிட்ட எனக்குச் சரியாக் கோபப்படத் தெரியல.

ஒண்ணு சொல்லணும், அதுக்குத்தான் இந்தக் கடிதம். நீ போனதுலேர்ந்து தினம் காலையில 'அம்மா எப்ப வருவா?'ன்னு கேக்கறா. முதல் தடவை, 'நான்தானேடி உன் அம்மா'ன்னேன். 'சரி. ஆனா அம்மா எப்ப வருவா?'ன்னா. அடுத்தடுத்த நாளெல்லாம் 'உன் சித்தி வருவா'ன்னு சொன்னேன். அவளுக்குப் புரியல. சித்தின்னு ஒருத்தியை அவ பாத்ததே இல்லையே. வாசல்ல போய் நின்னு எதிர்வீட்டுக்காரிகிட்ட 'அம்மா எங்க?'ன்னு கேட்டிருக்கா.

நேத்து காலையிலயும் கேட்டா. பல் தேய்ச்சு விட்டுக்கிட்டிருந்தேன், வாய் நிறைய நுரை. நுரையோட கேட்டா. பிரஷை வெளிய எடுத்துட்டுச் சொல்லிட்டேன்.

'அம்மா ஞாயித்துக்கிழமை வருவா.'

நுரையைத் துப்பிட்டு, விரல் விட்டு எண்ண ஆரம்பிச்சுட்டா. மாப்பிள்ளை லிஃப்ட்டை மாட்டிட்டு மெதுவா வரட்டும். நீ வந்துடு.

அக்கா